மலை வீட்டுக்கு எத்தனை ஹெச்.பி.?

பாகூர் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பாக்யராஜுக்கு உயரம் என்றால் பயம். இந்த விஷயம் உலகத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் பாக்யராஜேதான். நாற்பத்திரண்டு வருஷமாக இதை மூடி மறைக்க அவன் பெரிதாக ஒன்றும் பாடுபடவும் இல்லை. பாண்டிச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில் பிறந்தவன் எதில் ஏறி எங்கே விழப்போகிறான்? கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல், அதைத் தாண்டினால் கரும்பு, அதையும் தாண்டினால் கடல். ஊரிலேயே உயரமான இடம் ஏரிக்கரை. அதில் மொபெட் போகும்.

அப்படி நிம்மதியாக இருந்தவனின் வாழ்க்கையில் மலை வந்து சேர்ந்தது அவன் மனைவி ஜெயசித்ரா வழியாக. நாலு மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள் அவள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் போன ஊர்களை எண்ணினால் எல்லாம் கோயிலாக இருக்கும், இல்லாவிட்டால் யார் வீட்டுக் கல்யாணமாகவாவது இருக்கும். அவளோடு படித்த சரண்யா பாண்டி மூலக்குளத்தில் இருக்கிறாள். வங்கி வேலை, கையில் நாலு காசு, வருஷத்துக்கு ஒரு மலை. "இந்த வாட்டி நீயும் வா, உன் வூட்டுக்காரரையும் இஸ்துகினு வா" என்று சரண்யா சொன்னதுதான் தாமதம், ஜெயசித்ரா அன்றைக்கே பாண்டிக்குப் போய் மலையேறும் ஷூ வாங்கி வந்துவிட்டாள். விடியற்காலையில் அதைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடந்து பழகினாள். புடவைக்குக் கீழே அந்த ஷூவைப் பார்த்துப் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

பொங்கல் கழித்து நாலு நாள், போகிற இடம் கம்பம் பள்ளத்தாக்கு. கீழே திராட்சைத் தோட்டம், சுற்றி மலை. முதல் நாள் தோட்டத்தையும் திராட்சையிலிருந்து ஒயின் எடுக்கிற இடத்தையும் சுற்றிப் பார்ப்பது. ஒயின் வரைக்கும் பாக்யராஜுக்கு ஆட்சேபணை இல்லை, பாண்டிச்சேரிக்காரன் ஒயின் பார்க்க எட்டு மணி நேரம் போக வேண்டுமா என்று ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உதைத்தன. மலையேற்றம், பாறை ஏறுவது, அப்புறம் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போவது. இதற்குப் போய் மனிதர்கள் காசு கொடுப்பார்கள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். சொன்னால் சிரிப்பாள். ஜெயசித்ரா சிரித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். போன மழைக்கு வீட்டுக்குள் வந்த சாரைப்பாம்பைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டுபோய்த் தெருவில் விட்டவள் அவள். அப்படிப்பட்டவளிடம் போய், எனக்கு உயரத்தில் நின்றால் கால் நடுங்கும் என்று எந்த வாயால் சொல்வது? பன்னிரண்டு வருஷமாக அவள் கண்ணில் சம்பாதித்துவைத்த மரியாதை ஒரு நிமிஷத்தில் போய்விடும் என்று அவன் உறுதியாக நம்பினான்.

அதனால் வேலைகளைப் பிரித்துக்கொண்டபோது பாக்யராஜ் முந்திக்கொண்டான். சரண்யாவின் கணவர் புகழ்வேந்தன் ரயில் டிக்கெட், சரண்யா மலைக்குக் கூட்டிப்போகிற ஆளைப் பிடிப்பது, ஜெயசித்ரா சாப்பாட்டுச் சாமான், மகள் தேவியைத் தன் அம்மா வீட்டில் விடுவது. "தங்கற எடம் என் பொறுப்பு" என்று வாட்ஸ்அப்பில் பாக்யராஜ் போட்டான். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். தங்கும் இடம் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் உயரம் இருக்கிறது என்று அவனுக்குள் ஒரு கணக்கு. தரையோடு தரையாக ஓர் அறையைப் பிடித்துவிட்டால், இடுப்புப் பிடிப்பு, வயிற்று வலி என்று எதையாவது சொல்லி அவன் பாட்டுக்குக் கீழேயே கிடக்கலாம்.

சரண்யா மூன்று இடங்களின் நம்பர் அனுப்பியிருந்தாள். ஆற்றோரத் தோட்டத்தில் கூடாரம், கம்பம் ஊருக்குள் ஒரு லாட்ஜ், மலைமேல் தனி வீடு. மலைமேல் வீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஜெயசித்ரா ஆறு இதயம் போட்டிருந்தாள்.

ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள பாக்யராஜ் கேட்கிற முதல் கேள்வி, மோட்டார் எங்கே இருக்கிறது என்பதுதான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதைத்தான் கேட்டான். தொழில் அப்படி. புயலடித்து ஏரி நிரம்பி வழிந்தால், முங்கிப்போன மோட்டார் எல்லாம் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏறி அவன் கடைக்குத்தான் வரும். எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனை அடி தண்ணீர் ஏறியது என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வாய் பொய் சொல்லும், வீட்டுத் தரகர் சொல்லவே வேண்டாம், மோட்டார் பொய் சொல்லாது.

முதலில் ஆற்றோரக் கூடாரத்துக்குப் போன் போட்டான். பேசிய மேனேஜர் சின்ன வயசுக்காரர் போலிருக்கிறது, நீச்சல்குளம், நெருப்பு மூட்டி ஆட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். மோட்டாரு எங்க வெச்சிருக்கீங்க?"

"மோட்டாரா? ஆத்தங்கரையில, ஆறடி பில்லர் மேல சார்."

"ஏன் ஆறடி?"

"சும்மா, ஒரு சேஃப்டிக்கு."

சும்மா எவனும் ஆறடிக்குக் காங்கிரீட் போட மாட்டான். பாக்யராஜ் போனை வைத்துவிட்டு வெகு நேரம் வருத்தப்பட்டான். அந்த இடம் உள்ளங்கை மாதிரி தட்டையாக இருந்தது. படம் பார்த்த நேரத்திலிருந்து அவன் மனசு அங்கேதான் இருந்தது. ஆனால் பாகூர்க்காரன் கண்ணைத் திறந்துகொண்டே போய் வெள்ளம் ஏறுகிற இடத்தில் படுப்பானா? உயரத்துக்குப் பயந்தவன் தண்ணீருக்கும் பயந்தால் உலகத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்தான்.

ஊருக்குள் இருந்த லாட்ஜில் மோட்டார் படிக்கட்டுக்குக் கீழே, தரைத்தொட்டிக்குப் பக்கத்தில். இருபது வருஷத்தில் ஒரு சொட்டு வெள்ளம் வந்ததில்லையாம். தரைத்தளத்தில் அறையும் இருந்தது. பாக்யராஜ் சந்தோஷமாக வாட்ஸ்அப்பில் போட்டான். "பஸ் ஸ்டாண்டு எதிர்லயே. எறங்கனா வூடு."

சரண்யா பதில் போட்டாள். "அண்ணா, பஸ் ஸ்டாண்டு பாக்கறதுக்கு கம்பம் எதுக்கு? பாகூர்லயே கீதே."

ஜெயசித்ரா ஒன்றும் போடவில்லை. கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். "மேல் வூட்டுக்குக் கேட்டீங்களா? காலையில எழுந்து கதவத் தொறந்தா மேகம் காலுக்குக் கீழ போவுதாம். எனக்கு அது வேணும்."

மேகம் காலுக்குக் கீழே போகும் என்றதும் பாக்யராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

மலை வீட்டுக்குச் சொந்தக்காரி காசம்மாள். ஐம்பது வயசுக்குமேல் இருக்கும், குரலில் நல்ல அதிகாரம். பாக்யராஜ் வழக்கமான கேள்வியைக் கேட்டதுமே அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"மோட்டாரைப் பத்தி மட்டும் கேக்காதீக தம்பி. கீழ தோட்டத்துக் கெணத்துல கெடக்கு. ரெண்டு நாளா ஓடுது, சத்தம் வருது, தண்ணி மட்டும் மேல ஏற மாட்டேங்குது. பாதி வழியில நின்னுருது."

"எத்தன ஹெச்.பி. ம்மா?"

"ஏழரை. பதினெட்டு ஸ்டேஜுன்னு எழுதியிருக்கு."

தொழில்காரன் மூளை தானாகக் கணக்குப் போட்டது. ஏழரை ஹெச்.பி., பதினெட்டு ஸ்டேஜ் என்றால் முன்னூறு அடிக்குத் தண்ணீர் தள்ளுகிற மோட்டார். அப்படியானால் வீடு முன்னூறு அடி உயரத்தில். பாக்யராஜ் உட்கார்ந்திருந்த ஸ்டூலை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். ஏரிக்கரையை ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை தடவை வைத்தால் முன்னூறு அடி வரும் என்று யோசித்து, பாதியில் விட்டுவிட்டான்.

ஆனால் கெட்டுப்போன மோட்டாரைப் பற்றிக் காதில் விழுந்தபின் சும்மா இருக்க அவனால் ஆகாது. "ரெண்டு நாளைக்கு முன்னாடி லைன்ல ஏதாவது வேல செஞ்சாங்களா?"

"ஆமா, மரம் விழுந்து ஒயர் பூராம் மாத்துனாக."

"அதான். ஒயர மாத்திக் குடுத்துட்டாங்க. மோட்டாரு தலகீழா சுத்துது. எலெக்ட்ரிசியனக் கூப்ட்டு ஸ்டார்ட்டர்ல ரெண்டு ஒயர மட்டும் எடம் மாத்திப் போடச் சொல்லுங்க. ஏறிடும்."

அந்த அம்மாள் வாழ்த்தினாள். மேல் வீடு பொங்கலுக்கு அப்புறம் காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்றாள். பாக்யராஜ் "வேணாம் ம்மா, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டான். பிறகு ஜெயசித்ராவின் ஆறு இதயத்துக்குக் கீழே மூன்று வார்த்தை போட்டான். "மேல் வூடு ஃபுல்."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பொய் அவனுக்குப் புதிது இல்லை, நாளைக்குக் கொடுக்கிறேன் என்று மோட்டார் வாங்கி ஒரு வாரம் வைத்துக்கொள்கிற தொழில்தான். பெண்டாட்டியிடம் சொன்ன பொய்தான் நெஞ்சில் நின்றது. ஜெயசித்ரா போனைப் பார்த்துவிட்டு, "போவுது, நமக்குக் குடுத்து வெக்கல" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

மறுநாள் மதியம் ஜெயசித்ரா சாப்பாட்டுக் கூடையோடு கடைக்கு வந்தாள். பாக்யராஜின் இரண்டு கையிலும் வார்னிஷ். கடையில் வேலை பார்க்கும் பச்சையப்பன் காயிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடு ஜெயா" என்றான் பாக்யராஜ். யார் என்று பார்க்கவில்லை. எந்த நேரமும் எவனாவது மோட்டார் ரெடியா என்று கேட்கிற போன்தானே.

"தம்பி, காசம்மா பேசுறேன்" என்றது போன். "நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு ஒயரை மாத்திப் போட்டாக. தண்ணி கிர்ருனு மேல ஏறிருச்சு. இங்கிட்டு ஒருத்தனுக்கும் தெரியல பாருங்க. நீங்க வேணாம்னு சொன்னாலும் எனக்கு மனசு கேக்கல. மேல் வீட்டை உங்களுக்குன்னே வச்சிருக்கேன். காலியாத்தான் கெடக்கு, வீட்டுல கூட்டிக்கிட்டு வாங்க."

பச்சையப்பன் காயிலை மட்டும் பார்த்தார். ஜெயசித்ரா போனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "நான் அவரு வூட்டம்மாதான் பேசறன். அப்பறம் கூப்புட்றோம் ம்மா" என்று பதமாகச் சொல்லிக் கட் செய்தாள். கூடையை பெஞ்சியில் வைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பாக்யராஜ் ஐந்து மணிக்கே கடையைச் சாத்தினான். அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜெயசித்ரா ஷூவைத் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்து, பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். மகள் தேவி பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். பேசுவதற்கு ஏற்ற நேரம்தான்.

"நான் சரண்யாவுக்கு சொல்லிட்டன், நாங்க வரலன்னு" என்றாள் ஜெயசித்ரா. "எங்கூட வரப் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். எதுக்குப் பொய்? ஃபுல்லுன்னு நீங்க போட்டத சரண்யா வூட்டுக்காரரும்தான் பாத்தாரு. இனிமே அவங்க மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பன்?"

"புடிக்காம இல்ல ஜெயா."

"பின்ன இன்னா? நாலு நாளு கடைய வுட்டுட்டுப் பொண்டாட்டிகூட சுத்தறதுக்கு வெக்கமா? வாழ்க்கையில ஒரு தபா ஒண்ணு கேட்டன்."

அவள் கண் கலங்கிவிட்டது. அதை அவன் பார்த்துவிடக் கூடாது என்று விறுவிறுவென்று வெளியே போய், துணி எடுக்க மாடிப்படி ஏறினாள். சிரிப்பாள் என்று பயந்துபோய் ஒரு பொய்யைச் சொன்னான், இப்போது அவள் அழுகிறாள். இப்படி ஒரு கணக்கை அவன் போட்டே பார்க்கவில்லை. சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவனும் பின்னாலேயே போனான்.

அந்த வீட்டு மாடிப்படி வெளிப்பக்கமாகச் சுவரை ஒட்டி ஏறும். பதினேழு படி. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஒன்றும் கிடையாது. அவசரத்தில் ஆறு படி ஏறிவிட்டான். ஏழாவது படியில் கால் வைத்தபோதுதான் கீழே பார்த்தான். துவைக்கிற கல் தெரிந்தது, அதன் பக்கத்தில் வாளி தெரிந்தது, இரண்டும் லேசாகச் சுற்றின. பாக்யராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டான். உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

ஜெயசித்ரா இரண்டு கையும் நிறையத் துணியோடு மேலே வந்து நின்றாள். "இன்னா அங்கியே நின்னுட்டீங்க?"

"ஜெயா, எனக்கு ஒசரம்னா பயம்" என்றான் பாக்யராஜ், சுவரைப் பார்த்தபடியே. "சின்ன வயசுலேர்ந்து. கால் நடுங்கும், தல சுத்தும். அந்த மேல் வூடு முன்னூறு அடி. உனக்குத் தெரிஞ்சா சிரிப்பன்னு ஃபுல்லுன்னு போட்டுட்டன். உங்கூட வரப் புடிக்காம இல்ல. சத்தியமா இல்ல."

சொல்லிவிட்டு அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தான். வரவில்லை. ஜெயசித்ரா துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ வந்து போனது.

"ஏன்யா" என்றாள் கடைசியில். "அதனாலதான் நீ மாடிக்கு ஏறவே மாட்டியா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"டேங்கு கழுவறதுக்குப் பச்சையப்பன அனுப்புவியே, அதுவும் அதுக்குத்தானா? தேவி வயித்துல ஏழு மாசம், மழ வருதுன்னு நான் மூச்சு வாங்கினு ஏறி துணி எடுத்தன். நீ கீழ நின்னுகினு பாத்துகினு இருந்த."

"பாத்துகினுதான் இருந்தன். நாலு படி ஏறிட்டு எறங்கிட்டன். நீ பாக்கல. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வரல ஜெயா."

"நான் உன்னச் சோம்பேறின்னு நெனச்சிகினு இருந்தன். எங்க அம்மாகிட்ட, சரண்யாகிட்ட, தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கன். வூட்டுல ஒரு துரும்பு எடுத்துப் போட மாட்டாருன்னு."

"தெரியும். சோம்பேறின்னாகூடப் பரவால்ல, பயந்தாங்கொள்ளின்னு தெரியாம இருந்தா போதும்னு இருந்துட்டன்."

ஜெயசித்ரா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். எட்டாவது படிக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்தாள். அப்போதுதான் சிரித்தாள், மூன்று தெருவுக்குக் கேட்கிற அதே சிரிப்பு. பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. இத்தனை வருஷம் எதற்குப் பயந்தானோ அது அவன் தலைமேலேயே வந்து விழுந்தது. விழுந்து அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பைத்தியக்காரா" என்றாள். "பன்னெண்டு வருஷம் தெனம் என்கிட்ட திட்டு வாங்கினியே, ஒரு நாளு சொல்லியிருந்தா முடிஞ்சிச்சி." பிறகு கையை நீட்டினாள். "சரண்யாகிட்ட நான் சொல்லிக்கறன். போனக் குடு."

காசம்மாள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, நான் பாகூர்லேர்ந்து. மேல் வூட்டுக்கு வண்டி வருமா?"

"பாதி தூரம் வரும் தாயி. மேல நூத்தியெண்பது படி."

"படி எவ்ளோ அகலம்?"

"ரெண்டு பேரு சோடியா நடக்கலாம்."

"கைப்புடி கீதா?"

"மலைப் பக்கம் கம்பி போட்டிருக்கு. பள்ளத்துப் பக்கம் இனிமேத்தான் போடணும், வேலை பாக்கி கெடக்கு."

ஜெயசித்ரா புருஷனைப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த அவன் கையைப் பார்த்தாள். ஏறினால் ஏறட்டும், முடியாவிட்டால் பாதியில் உட்காரட்டும், அது அப்புறம். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அப்ப எங்களுக்கே எழுதிக்குங்க ம்மா, நாலு பேரு. கம்பிப் பக்கம் அவரு வருவாரு. பள்ளத்துப் பக்கம் நான் நடந்துக்கிறன்."

பாக்யராஜ் ஒரு கையைச் சுவரிலிருந்து எடுத்து, அவள் மடியில் இருந்த துணியை வாங்கிக்கொண்டான்.